‘கமென்டரி’ இதழும் ஆசிரியரின் சுதந்திரமும்

1945இல் அமெரிக்க யூதக் குழு நியூயார்க்கில் ‘கமென்டரி’ என்னும் மாத இதழைத் தொடங்கிற்று. பணம் குழுவினுடையது, கருத்துரிமையோ ஆசிரியருடையது. முதல் ஆசிரியர் எலியட் கோஹன் 1959இல் மறைந்தார். அடுத்த ஆண்டு பொறுப்பேற்ற நார்மன் பொட்ஹோரெட்ஸ் 1995 வரை அப்பணியிலிருந்தார். தொடக்கத்தில் இடதுசாரிச் சார்புடையவராயிருந்த அவர், 1970ஆம் ஆண்டளவில் புதிய இடதுசாரிகளை எதிர்க்கலானார். இதழும் புதிய பழமைவாதத்தின் குரலாயிற்று. 1979இல் அதில் ஜீன் கர்க்பாட்ரிக் எழுதிய கட்டுரை ரீகனைக் கவர்ந்தது; 1981இல் அவர் ஐக்கிய நாடுகள் சபைத் தூதரானார்.

ஆயினும் அரசியல் மட்டுமே அதன் பொருளன்று. 1966 ஆகஸ்டு இதழில், தேவ வெளிப்பாடு, தெரிந்துகொள்ளப்பட்ட ஜனம், ‘கடவுள் மரித்தார்’ என்னும் வாதம் ஆகியன குறித்து 38 ரபிமார் விடையளித்தனர். நாத்சிப் படுகொலைக்குப்பின் யூத விசுவாசம் எவ்வாறு நிலைக்கக்கூடும் என்பதை 1968இல் எமில் ஃபாக்கன்ஹைம் அதில் ஆராய்ந்தார்.

2007இல் இதழ் குழுவினின்று பிரிந்து தனித்தியங்கலாயிற்று. அதுவரை அறுபதாண்டுக்கு மேலாக, தன் உறுப்பினர் பலர் உடன்படாத கருத்துகளையும் அக்குழு தாங்கிற்று. இதழின் அரசியலை நாம் ஏற்கவேண்டுவதில்லை. ஆயின், திருச்சபையின் காணிக்கையால் நடக்கும் நம் ஏடுகளில், திருச்சபையையே கடிந்துகொள்ளும் சொல்லுக்கு நாம் இடமளிக்கிறோமா? தீர்க்கதரிசிகளின் வழிவந்தோர் இக்கேள்வியைத் தட்டிக்கழித்தல் தகாது.