உப்பு வண்டியும் கற்படுக்கையும்

கேரவன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஷூட்டிங் ஸ்பாட்தான். ஓரமாக ஏசி ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நீள வண்டி, உள்ளே ஹீரோ, வெளியே குடைக்குக் கீழே மற்ற எல்லாரும். ஆனால் பாரசீகத்திலிருந்து கிளம்பியபோது அந்தச் சொல்லுக்கு இப்படியொரு சொகுசு கிடையாது. 'கார்வான்' என்றால் வழித்துணைக்காகக் கூட்டமாகச் சேர்ந்து போகும் வணிகர்கள், பயணிகள். அது ஆங்கிலத்துக்குப் போய் கேரவன் ஆனது. அதன் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டதுதான் 'வேன்'. ஸ்கூல் வேன், பால் வேன், கல்யாண வேன் என்று தினமும் நாம் சொல்வதெல்லாம் அந்த வணிகக் கூட்டத்தின் மிச்சம்தான்.

தமிழில் இதற்குச் சொந்தமாகவே சொல் இருந்தது. வணிகக் கூட்டத்துக்குச் சாத்து என்று பெயர். கோவலனின் அப்பா பெயர் மாசாத்துவான் என்பதில் இருக்கும் சாத்து அதுதான். உப்பு விற்கப் போனவர்களின் வண்டி வரிசைக்கு ஒழுகை என்று பெயர். இந்த இரண்டு சொற்களும் இன்று வழக்கில் இல்லை. அந்த வண்டிகள் போன வழிகளில் ஒன்று மட்டும், மதுரைக்கு வடக்கே, அப்படியே இருக்கிறது.

போன தை மாதம் நானும் ஒரு நண்பனும் அந்தப் பக்கம் இரண்டு ராத்திரி சுற்றினோம். வண்டி, காய்கறி ஏற்றும் ஒரு குட்டி யானை. பின்பக்கம் தார்ப்பாய், இரண்டு கோரைப்பாய், ஒரு சின்ன கேஸ் அடுப்பு, இருபது லிட்டர் தண்ணீர் கேன். டீசல், அரிசி, முட்டை எல்லாம் சேர்த்துத் தலைக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. எந்தப் பயணத்திலும் காசைத் தின்பது ராத்திரி தங்குவதுதான். படுக்கையைக் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டால் ஊர் சுற்றுவது அவ்வளவு ஒன்றும் செலவில்லை.

மதுரையிலிருந்து ஒத்தக்கடை தாண்டி மேலூர் போகும் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். ஊர் முடிந்ததும் நிலம் தட்டையாகிவிடுகிறது. 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் கால்வாய் வழியாக மேலூர் வரைக்கும் வருவதால் வயல் பச்சையாகவே கிடக்கும். அந்தப் பச்சைக்கு நடுவில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஒற்றைக் கல்லாக மலைகள் எழுந்து நிற்கின்றன. முதலில் யானைமலை. படுத்திருக்கும் யானை மாதிரியே இருப்பதால் நாம் வைத்த பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே குகையில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு அதை 'இவ குன்றம்' என்கிறது. இபம் என்றால் யானை. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் பார்த்தவனுக்கும் அது யானையாகத்தான் தெரிந்திருக்கிறது. அதைத் தாண்டினால் நரசிங்கம்பட்டிப் பெருமாள் மலை, அரிட்டாபட்டி, மாங்குளம், கீழவளவு, கருங்காலக்குடி. மேற்கே நீளமாக அழகர்மலை.

அழகர்மலையின் கிழக்குப் பக்கம் கிடாரிப்பட்டி என்று ஓர் ஊர். அங்கே மலையேறினால் பெரிய குகைத்தளம் ஒன்று வரும். ஊரில் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். வனவாசம் போன பாண்டவர்களுக்குத் தமிழ்நாடு முழுக்க நாம் கொடுத்திருக்கும் படுக்கைகளை எண்ணினால் அவர்கள் தூங்குவதற்கென்றே இங்கே வந்த மாதிரி இருக்கும். உண்மையில் இவை சமணத் துறவிகளுக்காக வெட்டியவை. பாறைத் தரையில் வரிசையாக, ஒரு ஆள் படுக்கும் அளவில், வழவழவென்று செதுக்கிய படுக்கைகள். தலைமாட்டில் கல் சற்றே உயர்ந்திருக்கும், அதுதான் தலையணை. குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மழைத் தண்ணீர் பாறைமேல் வழிந்து உள்ளே வராமல் அந்தக் காடியில் தடைபட்டு வெளியே சொட்டிவிடும். நம் வீட்டு சன்ஷேடின் அடியில் கொத்தனார் போடும் கோடு செய்கிற அதே வேலை.

அந்தக் காடியை ஒட்டித்தான் கல்வெட்டுகள் இருக்கின்றன. சுமார் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. படிக்க ஆரம்பித்தால் ஒரு கடைத்தெருவுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். மதுரைப் பொன்கொல்லன் ஒருவர். பாணித வணிகன், அதாவது வெல்லப்பாகு விற்பவர், பெயர் நெடுமலன். கொழு வணிகன், கலப்பையின் கொழுவை விற்பவர், பெயர் எள சந்தன். அப்புறம் ஓர் உப்பு வணிகர். மதுரைச் சந்தையில் கடை போட்டிருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மலைமேல் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். யார் எதைச் செய்தது என்று கூடவே பதிந்தும் வைத்திருக்கிறார்கள். நான் வேலை பார்க்கும் துறையில், எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதியவன் பெயர் நிற்கும். அதே பழக்கம்.

இந்த வரிசையில் என்னை நிறுத்தியவர் உப்பு வணிகர்.

உப்பு விற்றவர்களை, உமணர்களை, சங்கப் பாட்டுகளில் விரிவாகவே பார்க்கலாம். கடற்கரையில் ஏற்றிய உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோய், நெல்லும் உப்பும் ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டு, அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். வீட்டில் யாரையும் விட்டுவிட்டு வருவதில்லை, வீடே கிளம்பி வரும். பெரும்பாணாற்றுப்படை அந்த வண்டியை ஒரு மெக்கானிக் பார்ப்பது போலப் பார்க்கிறது. வண்டிக்குக் கூரை வேய்ந்திருக்கும். கோழி அடைவதற்கு ஒரு கூடு இருக்கும். முன்பக்கம் காடிப் பானையைக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். கைக்குழந்தையோடு உட்கார்ந்து மாட்டை ஓட்டுவது அந்த வீட்டுப் பெண். ஆண்கள் பக்கவாட்டில் நடந்து வருவார்கள். மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறிந்தால் மாற்றுவதற்குக் கூடுதலாக ஒரு அச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள் என்று புறநானூறு சொல்கிறது. நம்முடைய ஸ்டெப்னி. சிறுபாணாற்றுப்படையில் உமணர்கள் குரங்கையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அது அவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து கிலுகிலுப்பை விளையாடுகிறது.

சமையல், படுக்கை, பிள்ளைகள், கோழி, குரங்கு, மாற்று அச்சு. ஊர் ஊராகப் போகும் ஒரு முழு வீடு. இன்று யூடியூபில் லட்சக்கணக்கான பேர் பார்க்கும் வேன் வாழ்க்கையை இந்த ஊரில் ஒரு கூட்டம் பிழைப்பாகவே வாழ்ந்திருக்கிறது. அவர்களுக்கு அது ரசனை சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்திருக்காது. உப்பு விற்றால்தான் நெல்லு.

அந்தத் தொழிலைச் சேர்ந்த ஒருவர்தான் கிடாரிப்பட்டிக் குகைக்குக் கொடை கொடுத்திருக்கிறார். யாருக்கு? சமணத் துறவிக்கு எதுவும் சொந்தமாக இருக்கக் கூடாது. வண்டியில் ஏறக் கூடாது, நடந்துதான் போக வேண்டும். ஓரிடத்திலேயே தங்கவும் கூடாது. மழைக்காலத்தில் மட்டும், புழு பூச்சிகள் காலில் மிதிபட்டுச் சாகுமே என்பதற்காக, நான்கு மாதம் ஓரிடத்தில் இருக்கலாம். அந்த நான்கு மாதத்துக்குத்தான் இந்தப் படுக்கையும் அந்தக் காடியும். வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைந்தவர்களில் ஒருவர், பாய்கூட எடுத்துப்போக முடியாதவருக்கு ஓரிடத்தில் படுக்கை போட்டுக் கொடுத்திருக்கிறார். இரண்டு பேருமே வழிப்போக்கர்கள். ராத்திரியில் தலை சாய்க்க இடம் என்றால் என்ன என்று உப்பு வணிகருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருந்திருக்காது.

பக்கத்து மாங்குளத்தில் கொடுத்தவர்கள் வேறு வகை. மீனாட்சிபுரத்தை ஒட்டிய அந்த மலைக் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சூவெல் கண்டெடுத்தார். இவற்றின் மொழி தமிழ்தான் என்று 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துச் சொன்னார். அதில் இருக்கும் பெயர் பாண்டியன் நெடுஞ்செழியன் என்று 1965இல் ஐராவதம் மகாதேவன் படித்தார். நெடுஞ்செழியனின் பணியாளர் கடலன் வழுதி, கணி நந்தி என்ற துறவிக்காக வெட்டுவித்த பள்ளி அது. அதே மலையில் வெள்ளறை நிகமத்தோரும் கொடுத்திருக்கிறார்கள். நிகமம் என்றால் வணிகர் சங்கம். அரசாங்கம், சங்கம், தனி ஆள் என்று எல்லாத் தரப்பும் இந்த மலைகளில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன.

அந்தக் கல்வெட்டுகள் படுக்கைக்கும் தங்குமிடத்துக்கும் சொல்லும் பெயர் பளி, பாளி. கருங்காலக்குடியில் எழையூர் ஆள் ஒருவர் கொடுத்ததும் 'பாளி'தான். பள்ளி என்றால் முதலில் படுக்கை. மீனாட்சியம்மன் கோயிலில் பள்ளியறை, மார்கழியில் பள்ளியெழுச்சி என்று அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. படுக்கை, துறவிகள் தங்கும் இடமானது. அங்கே பாடம் நடந்ததால் பிற்பாடு படிக்கும் இடத்துக்கே அந்தப் பெயர் வந்தது என்பார்கள். நாம் தினமும் பையை மாட்டிக்கொண்டு போன பள்ளிக்கூடத்துக்குள் ஒரு கற்படுக்கை கிடக்கிறது.

மதுரைக்கு நடந்து வந்தவர்களில் நமக்கு நன்றாகத் தெரிந்த மூன்று பேர் உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் புகாரிலிருந்து உறையூர் வழியாக மதுரைக்கு வருகிறார்கள். கொடும்பாளூரில் வழி மூன்றாகப் பிரியும், அதில் இடப்பக்க வழி திருமால்குன்றம் வழியாகப் போகும் என்று வழியில் பார்த்த மறையவன் சொல்கிறான். திருமால்குன்றம் அழகர்மலைதான். சாத்துத் தலைவனின் மகன் எல்லாம் இழந்து கால்நடையாக வருகிறான், துணைக்கு ஒரு சமணப் பெண் துறவி. மதுரைக்கு வெளியே வந்ததும் கவுந்தி முதலில் பார்ப்பது கண்ணகி தங்குவதற்கு இடம். மாதரி என்ற ஆயர் பெண்ணிடம் அவளை ஒப்படைக்கிறார். தனக்கென்று கூரை இல்லாத ஒருவர்தான் அடுத்தவருக்குக் கூரை தேடுகிறார்.

அப்புறம் வந்த காலங்களிலும் இந்தப் பழக்கம் நிற்கவில்லை, வடிவம்தான் மாறியது. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் இதே குகைகளின் நெற்றியில் தீர்த்தங்கரர் உருவங்கள் வந்தன. யானைமலையிலும் கருங்காலக்குடியிலும் அச்சணந்தி என்ற துறவியின் பெயர் நிற்கிறது. 1689இல் பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்ற ராணி மங்கம்மாள் சாலை போட்டு, மரம் வைத்து, சத்திரம் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரத்தைப் பார்க்காமல் யாரும் ஊருக்குள் வந்திருக்க முடியாது. சத்திரத்தில் படுப்பவனிடம் நீ யார் என்று கேட்காமல் இடம் கொடுத்துவிடவில்லை, சாதி பார்த்துப் பந்தி பிரித்த காலம் அது. இருந்தாலும் வழிப்போக்கன் படுக்க இடம் வேண்டும், அதை ஊர்தான் செய்ய வேண்டும் என்ற எண்ணம் மட்டும் அறுபடவில்லை.

அறுபடப் பார்த்தது மலைதான். கீழவளவில் பஞ்சபாண்டவர் மலையில் ஏறி நின்று பார்த்தால் சுற்றிலும் நேர்கோட்டில் அறுத்தெடுத்த பெரிய பள்ளங்கள் தெரியும். அடியில் பச்சைத் தண்ணீர். கிரானைட் எடுத்த இடங்கள். இந்த வட்டாரத்து கிரானைட் முறைகேடு 2012இல் வெளியே வந்தது. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் விசாரிக்க உ. சகாயத்தை நியமித்தது. கப்பலேறும் கிரானைட், போன இடத்தில் சமையல் மேடையாகும், தரையாகும், கல்லறைக் கல்லும் ஆகும். இங்கே ஒருவர் உயிரோடு படுத்துறங்குவதற்குப் பயன்பட்ட அதே கல்.

அரிட்டாபட்டியில் நாங்கள் கண்மாய்க் கரையில் வண்டியைப் போட்டபோது ஒரு பெரியவர் டார்ச்சோடு வந்தார். "எங்கிட்டுத் தம்பி தங்குறீக?" வண்டியிலேயே என்றோம். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "பனி விழுகும்யா. வாங்க, நம்ம வீட்டுத் திண்ணையில படுங்க" என்றார். ராத்திரி முழுக்க அவர் பேசியது டங்ஸ்டன் பற்றித்தான்.

அந்த ஊரும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 ஹெக்டேர், 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் ஆனது. இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனதாக ஒன்றிய அரசு அறிவித்தது. கிராமசபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மேலூர் வட்டாரத்துச் சனம் மதுரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. நாங்கள் டீசல் போட்டுக்கொண்டு வந்த அதே சாலை. ஆயிரக்கணக்கில் தல்லாகுளம் வந்து சேர்ந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

பெரியவர் அந்தக் கூட்டத்தில் நடந்தவர். "மலைய வெட்டுனா கம்மாய்க்குத் தண்ணி எங்கிட்டுருந்து வரும்?" என்பதுதான் அவருக்குக் கவலை. கல்வெட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, பேச வேண்டிய அவசியமும் இல்லை. மலை இருந்தால் சுனை இருக்கும், சுனை இருந்தால் கண்மாய் நிறையும். துறவிகள் இந்த மலைகளைத் தேர்ந்ததற்கும் தண்ணீர்தான் காரணமாக இருந்திருக்கும். நான்கு மாதம் ஓரிடத்தில் இருப்பவருக்குப் படுக்கைக்குப் பக்கத்தில் சுனை வேண்டும், பிச்சைக்குப் போய்வரும் தூரத்தில் விளைகிற ஊர் வேண்டும். உப்பு வணிகருக்கும் அதேதான் வேண்டும், மாட்டுக்குத் தண்ணீர், மாற்றிக்கொள்ள நெல்.

நீங்கள் போவதாக இருந்தால் மதுரையிலிருந்து மேலூர் சுமார் முப்பது கிலோமீட்டர்தான். டவுன் பஸ்ஸே போகும். குகைகள் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள், உள்ளே தங்கக் கூடாது. பாறையில் பெயரும் எழுதாதீர்கள், அங்கே பெயர் எழுத முதலில் ஒரு படுக்கை வெட்டிக் கொடுத்திருக்க வேண்டும். கிடாரிப்பட்டிக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்து தெரியும்.