மைக்ரோக்ளியா

பெயர்ச்சொல். மூளையில் குடியிருக்கும் நோய் எதிர்ப்புச் செல். கிரேக்க மொழியில் 'மைக்ரோஸ்' என்றால் சிறியது, 'க்ளியா' என்றால் பசை. நரம்புச் செல்களின் இடைவெளியை அடைக்கும் திசுவை வெறும் பூச்சு என்று கருதி 1856இல் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்கோ 'நியூரோக்ளியா' என்றார். அதிலிருந்து இந்தச் சிறு செல்களைத் தனித்துக் காட்டிப் பெயரிட்டவர் ஸ்பெயினின் பியோ டெல் ரியோ ஓர்தேகா, 1919இல்.

பசை என்பது பொருந்தாப் பெயர்; இதன் வேலை ஒட்டுவதல்ல, அகற்றுவது. செஞ்சி வட்டாரத்து மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றிக் கோயில் அமைத்ததாகப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் கல்வெட்டு சொல்கிறது. வேண்டாத பாறையை வெட்டி எடுக்க எடுக்கத்தான் அங்கே மண்டபமும் வாயிற்காவலர் சிற்பங்களும் வெளிப்பட்டன. மைக்ரோக்ளியாவும் அப்படியே, வளரும் மூளையில் மிகையான நரம்பிணைப்புகளை விழுங்கி அகற்றுகிறது. இந்தக் கழிப்பு கூடினாலோ குறைந்தாலோ ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுகளுக்கு வழியாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இக்குறைபாடுகளுக்கு மைக்ரோக்ளியா வழியான சிகிச்சை இன்னும் கைகூடவில்லை. ரெட் நோய்க்கூறு என்னும் மூளை வளர்ச்சிக் குறைபாடு கொண்ட எலிகளுக்கு, மைக்ரோக்ளியாவை மாற்றும் நோக்கில் செய்த எலும்பு மஜ்ஜை மாற்று உதவியதாக 2012இல் ஓர் ஆய்வு வந்தது. 2015இல் வேறு ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது பணம் கேட்டால் பெற்றோர் தயவுசெய்து கொடுக்க வேண்டாம்.