ஜப்பான் படையும் சேலத்து ஜவ்வரிசியும்

கல்யாணப் பாயசத்தில் மிதக்கிற ஜவ்வரிசி சேலத்துக்கு வந்ததில் ஜப்பான் ராணுவத்துக்கும் பங்கு உண்டு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். பர்மா அரிசியோடு மலேயா ஜவ்வரிசியும் நின்றுபோனது. கிழக்கிலிருந்து வந்ததில் ஒரு பகுதி சேகோ பனையின் தண்டுச் சோற்று மாவு, இன்னொரு பகுதி மரவள்ளி மாவு. அந்த மரவள்ளி, தென் அமெரிக்காவிலிருந்து வந்து, 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பரப்பிய கிழங்கு. சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு என்பார்கள்.

இதற்குமேல் சேகோ ஆலைக்காரர்கள் சொல்லும் கதை. கேரளத்தோடு மீன் வியாபாரம் செய்த சேலம் மாணிக்கம் செட்டியார், மலேயாவில் செய்முறை அறிந்த போபட்லால் ஷாவைச் சந்திக்கிறார். 1943இல் தொழில் பிறக்கிறது. இருவரின் பங்கை யாரும் மறுப்பதில்லை. ஆனால் கதையைச் சொல்லச் சொல்ல இரண்டு பேர் பெரிதாகிறார்கள், போர் சிறிதாகிறது. கப்பல் வந்துகொண்டிருந்தால் அவர்கள் சரக்கை யார் கேட்டிருப்பார்?

வழிவிட்ட போரே அடுத்த வருஷம் வழியை மறித்தது. அரசு 'அதிக உணவு விளைவிப்போம்' என்று முழங்கிக்கொண்டிருந்த காலம். 1944 பஞ்சத்தில், கிழங்கைச் சாப்பாட்டுக்குத் தவிர வேறெதற்கும் எடுக்கக் கூடாதென்று சேலம் கலெக்டர் தடை போட்டார். ஆலைக்காரர்கள் சங்கம் சேர்த்து, சிவில் சப்ளை கமிஷனர் வரை போய்த் தடையை நீக்கவைத்தார்கள். ஆலைக்காரர்கள் கொண்டாடும் வெற்றி இது. எனக்கென்னவோ கலெக்டர் பக்கமும் நியாயம் இருப்பதாகவே படுகிறது. நாலைந்து மூட்டைக் கிழங்கு உள்ளே போனால் ஒரு மூட்டை மாவுதான் தேறும்.

1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சரக்கில் பெரும்பகுதி மகாராஷ்டிரம் முதலான வட மாநிலங்களுக்கு, விரத நாள் கிச்சடிக்குப் போகிறது. அங்கேதான் இரண்டாவது கதை முளைத்தது: சேலத்துக் குழிகளில் கிழங்கு அழுகிப் புழு நெளிய, அதையே மிதித்து ஜவ்வரிசி ஆக்குகிறார்களாம், ஆகவே அது சைவமே அல்லவாம்!

ஆலைக்குள் நடப்பது வேறு. கிழங்கைத் தோலுரித்துக் கழுவி, அரைத்து, சலித்த பாலைத் தொட்டியில் விடுவார்கள். சில மணி நேரத்தில் மாவு அடியில் கெட்டியாக உட்காரும். அதை வெட்டி உதிர்த்துத் துணித்தூளியில் ஆட்டினால் உருண்டு உருண்டு முத்தாகும். இப்போது பல ஆலைகளில் அதற்கும் இயந்திரம். எண்ணெய் தடவிய சூட்டுத்தட்டில் வாட்டி, களத்து வெயிலில் காயவைப்பார்கள். அழுகவிட்டால் மாவு புளித்து நிறம் மங்கும், வெள்ளைக்குத்தான் விலை. ஆலைக் கழிவுநீர் நாறுவது மட்டும் நிஜம். ஆத்தூர்ப் பக்கம் பஸ்ஸில் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.