சட்கிளிஃபின் விட்பி ஒளிப்படங்கள்

சட்கிளிஃபின் விட்பி ஒளிப்படங்கள் என்பவை, இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் எஸ்க் ஆறு கடலில் கலக்கும் இடத்திலுள்ள விட்பி என்னும் துறைமுகச் சந்தை நகரை ஃபிராங்க் மெடோ சட்கிளிஃப் (1853–1941) எடுத்த படங்களின் தொகுப்பு. ஒரு சிற்றூரின் அன்றாட வாழ்வைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வளவு நெருங்கி நின்று பதிவுசெய்த தொகுப்புகள் மிகச் சிலவே.

நகரம்

ஆற்றின் கீழ்க்கரையில், 1788இல் கட்டப்பட்ட நகர மன்றத்தின் முன் பழைய சந்தைத்திடல் உள்ளது. அங்கிருந்து சற்றுத் தொலைவில் தொடங்கும் 199 கற்படிகள் குன்றின்மேல் உள்ள புனித மரியாள் தேவாலயத்துக்கு ஏறுகின்றன. கடற்பயணி ஜேம்ஸ் குக் கடலோடியாகப் பயிற்சி பெற்றதும், அவருடைய ‘எண்டெவர்’ கப்பல் கட்டப்பட்டதும் இவ்வூரில்தான். மீன்பிடித்தலும், ‘ஜெட்’ எனப்படும் கருநிறப் புதைபடிவ மரத்தைக் கடைந்து நகை செய்யும் தொழிலும் சட்கிளிஃபின் காலத்தில் ஊருக்குச் சோறு போட்டன.

ஒளிப்படக்காரர்

லீட்ஸ் அருகே ஓவியர் ஒருவரின் மகனாகப் பிறந்த சட்கிளிஃப், கைவிடப்பட்ட ஒரு ஜெட் பட்டறையில் 1876இல் படநிலையம் தொடங்கினார். கோடையில் வரும் சுற்றுலாப் பயணிகளின் உருவப்படங்களே அவருக்கு வருவாய் தந்தன. அந்த வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில் துறையையும் தெருக்களையும் எடுத்தார். 1892இல் லண்டனில் உருவான ‘லிங்க்ட் ரிங்’ ஒளிப்படக் குழுவின் தொடக்க உறுப்பினர்களுள் அவரும் ஒருவர். 1935இல் ராயல் ஒளிப்படச் சங்கம் அவரைக் கௌரவ உறுப்பினராக்கியது.

படங்கள்

வலை செப்பனிடும் கிழவர்கள், தூண்டில் இரைக்காகப் பாறைச் சிப்பிகளைப் பெயர்த்துக் கூடைகளில் சுமந்து வரும் பெண்கள், கரையோரச் சுவரில் சாய்ந்து கதை கேட்கும் சிறுவர்கள் ஆகியோரைப் படங்களில் காணலாம். பெரிய மரக் கேமராவின் முன் ஆடாமல் நிற்க வேண்டியிருந்ததால், எதிரில் நிற்பவரின் இசைவில்லாமல் இப்படங்கள் அமைந்திருக்க முடியாது. அவர்களுக்கு அவர் அதே ஊரில் குடியிருக்கும், தெரிந்த மனிதர். முகங்களில் தெரியும் இயல்புக்கு அந்தப் பழக்கமே அடிப்படை.

ஆற்றில் குளிக்கும் ஆடையற்ற சிறுவர்களைக் காட்டும் ‘வாட்டர் ராட்ஸ்’ (1886) மிகப் புகழ்பெற்றது. உள்ளூர் மதகுருமார் அதைக் கண்டித்தனர். பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசரோ பெரிய பிரதி ஒன்றை வாங்கினார்.

நினைவும் சான்றும்

ஊரார் வாய்வழியாகக் காத்த நினைவுகள் சிலவற்றுக்கு இப்படங்கள் சான்றாகின்றன. 1861 பிப்ரவரிப் புயலில் விட்பியின் உயிர்மீட்புப் படகு கவிழ்ந்து 12 பேர் இறந்தனர். தக்கை மிதவைச் சட்டை அணிந்திருந்த ஹென்றி ஃபிரீமன் ஒருவரே பிழைத்தார். பின்னாளில் அத்தகைய சட்டையோடு அவர் நிற்கும் படத்தை எடுத்தவர் சட்கிளிஃப். 1885இல் கரையில் மோதி ஒதுங்கிய ‘டிமிட்ரி’ என்னும் ருஷ்யக் கப்பலையும் அவர் எடுத்தார். 1890இல் விட்பியில் தங்கிய பிராம் ஸ்டோக்கர், அந்த விபத்தின் செய்தியைக் கொண்டே ‘டிராகுலா’ நாவலின் ‘டிமீட்டர்’ கப்பலை உருவாக்கினார்.

ஆற்றுக்கு இறங்கும் ‘டின் கோட்’ என்னும் குறுகிய சந்து இருபதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. அதன் கோணல் சுவர்களும் தண்ணீரை ஒட்டிய வீடுகளும் இன்று படங்களில்தான் மிஞ்சியுள்ளன.

பாதுகாப்பு

1922இல் படநிலையத்தை விற்ற சட்கிளிஃப், அடுத்த ஆண்டு முதல் விட்பி அருங்காட்சியகத்தின் காப்பாளராகப் பணியாற்றினார். அந்த அருங்காட்சியகம் 1823இல் தொடங்கிய விட்பி இலக்கிய, தத்துவச் சங்கத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு காலம் ஊரைப் படமெடுத்தவரின் கையிலேயே ஊரின் பழம்பொருள்களும் ஒப்படைக்கப்பட்டன. அவருடைய ஒளிப்படங்களும் இன்று அதே அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.