நிறையும் திணிவும்

பனையினின்று கழன்ற பழம் நிலத்தை நோக்கி வருங்கால் அதன் வேகம் கணந்தோறும் மிகுகின்றது. இம்மாற்றத்தின் வீதத்தை யாழ்ப்பாணத்து மாணவன் ‘ஆர்முடுகல்’ என்பான். தமிழ்நாட்டு மாணவன் ‘முடுக்கம்’ என்பான். பொருள் ஒன்று, சொல் இரண்டு. இதனால் விளையும் இடர் சிறிது. ஆயின் ஒரே சொல் பாக்குநீரிணையின் இரு கரையிலும் வெவ்வேறு பொருள் தருமாயின், கற்போன் இடர்ப்படுவான். ‘நிறை’ அத்தகைய சொல்.

இலங்கைப் பாடநூல்களில் நிறை என்பது புவி ஒரு பொருளை இழுக்கும் விசை. அப்பொருளில் அடங்கிய சடப்பொருளின் அளவு ‘திணிவு’ எனப்படும். தமிழ்நாட்டு நூல்களிலோ சடப்பொருளின் அளவே நிறை. இழுக்கும் விசை ‘எடை’. எனவே ‘நிறை 5 கிலோகிராம்’ என்பது அங்கே சரியான விடை; இங்கே பிழை. நிறையை இங்கு நியூற்றனில் எழுதுதல் வேண்டும்.

இவ்விரண்டையும் பிரித்தறிதல் மேனாட்டினர்க்கும் எளிதாக இருந்ததன்று. 1672இல் பிரான்சிய வானியலறிஞர் ரிச்சே, நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள கயேன் தீவுக்குச் சென்றார். பாரிசில் சரியாக ஓடிய ஊசற் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்தியது. ஊசற் குண்டு மாறவில்லை. புவியின் இழுவையே அங்குக் குறைந்திருந்தது. 1687இல் வெளிவந்த தம் பெருநூலை நியூற்றன் சடப்பொருளின் அளவுக்கு வரைவிலக்கணம் கூறியே தொடங்கினார். பொன், வெள்ளி, ஈயம், மணல், உப்பு, கோதுமை முதலியவற்றை ஊசலாக ஆட்டி, அவ்வளவும் நிறையும் ஒரிடத்தில் விகிதசமமாதலையும் நிறுவினார். ஒரு கிலோகிராம் திணிவின் நிறை பாரிசில் ஏறக்குறைய 9.81 நியூற்றன், யாழ்ப்பாணத்தில் 9.78. சந்தையிலே தராசு கொண்டு நிறுப்பவர் உண்மையில் ஒப்பிடுவது திணிவையே என்பது ஈண்டு ஒரு வேடிக்கை. வில்தராசே நிறையைக் காட்டுவது.

இவ்வியல் யாழ்ப்பாணத்துக்கு ஆங்கிலத்தின் வழியே வந்தது. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி, 1855இல் மூடப்படும்வரை கணிதம், வானியல் ஆகியவற்றோடு இயற்கைத் தத்துவத்தையும் கற்பித்தது. பின்னர் எழுந்த கல்லூரிகளிலும் விஞ்ஞானம் நெடுங்காலம் ஆங்கிலத்திலேயே நின்றது. சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராயிருந்து, பின் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராகிய பண்டிதர் மயில்வாகனம், துறவு பூண்டு விபுலாநந்த அடிகளான பின்னர், 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவாகக் கூடிய முயற்சி அது. அதன் பின் வழிகள் பிரிந்தன. 1950களிலும் அதன் பின்னரும் இலங்கையில் தாய்மொழிக் கல்வி மேல்வகுப்புகளுக்கு ஏறியபோது, அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழ்நாடு தன் போக்கில் வேறு சொற்களைத் தெரிந்துகொண்டது. அவ்வாறே இங்குள்ள ‘சடத்துவம்’ அங்கே ‘நிலைமம்’ ஆயிற்று.

இரு கரையாருள் எவர் செய்தது சிறந்தது? நிறுக்கப்படுவது நிறை என்னும் உலக வழக்கை ஈழத்தார் அப்படியே காத்தனர்; புதுப்பொருளுக்குப் புதுச்சொல் வேண்டுமென்று ‘திணி’ என்னும் பழைய வேரை நாடினர். செறிந்து அடங்கியிருத்தலை அச்சொல் காதுக்கே உணர்த்துகின்றது. அங்கோ ‘எடை’ மக்கள் வாயில் வழங்கியமையால் ‘நிறை’ வேறு பணிக்கு ஒழிந்திருந்தது. அதுவும் நியாயமே. எனினும் மாணவன் அறியாத ஒன்றுக்கு அவன் அறியாத சொல்லைத் தருதல் நன்று. பழகிய சொல்லைக் கொடுத்தால் பழைய பொருளும் உடன் வந்து புகும்.

இதற்கு ‘விசை’யே சான்று. இச்சொல் இரு கரைக்கும் பொது. ‘விசையாக ஓடினான்’ என்னும் வழக்கில் அது வேகத்தைக் குறிக்கும். ஆதலின் வேகம் உள்ள இடமெல்லாம் விசை உண்டென மாணவன் எண்ணுகின்றான். எருது நின்றால் வண்டி நிற்கின்றது. அவன் எண்ணம் உறுதிப்படுகின்றது. அரிஸ்தோத்திலும் ஏறத்தாழ அவ்வாறே கருதினார். வண்டியை நிறுத்துவது மணலும் அச்சும் தரும் உராய்வு என்பதையும், விசை செய்வது வேகத்தை அன்று, வேகத்தின் மாற்றத்தையே என்பதையும் அறியக் கலிலியோவின் காலம்வரை உலகம் காத்திருந்தது. பல மாணவர் இன்றும் அவ்விடத்திலேயே தடுக்கி விழுகின்றனர்.

1974இல் நிறுவப்பட்ட யாழ்ப்பாண வளாகம் இன்று பல்கலைக்கழகமாய் விளங்குகின்றது. ஆங்கு பௌதிகவியல் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றது. புதிதாய்ச் செல்லும் மாணவன் தன் சொற்களை மீளவும் பெயர்த்துக்கொள்கிறான். திணிவையும் நிறையையும் வகுப்பிலே செவ்வனே பிரித்துக் கற்றவனுக்கு அங்கு மாற்றவேண்டியது ஒலி மட்டுமே.