இருண்ட கடலின் மேல் வெளிறிய காற்று

இலங்கையின் ஊவா மாகாணத்துக் கிழக்குச் சரிவுகளுக்கு வாடைக்காலத்தில் வரும் காற்று, கரையேறுமுன் கடப்பது வங்காள விரிகுடாவை. ரயில் பாதை தன்னையே ஒரு சுற்றுச் சுற்றி, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழையும் தெமோதரையும், அதற்கப்பால் பதுளையும் நமுனுகுலை மலையும் அந்தக் காற்றின் வழியில் இருக்கின்றன. ஆடி ஆவணியில் வீசும் கச்சான் வேறு வகை. அது தென்மேற்கிலிருந்து வந்து, மத்திய மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக இறங்கி, ஊவாத் தேயிலைக்குப் பேர்பெற்ற மணத்தைத் தருகிறது. வாடையோ ஈரத்தோடு துணைக்கண்டத்தின் புகையையும் தூசியையும் சேர்த்துச் சுமந்து வருகிறது. அந்தச் சுமையைக் கடலின் மேல் வைத்துச் செய்மதியால் அளக்கும் முறைக்கு இப்போது அரை நூற்றாண்டு வயது.

அதற்கு முன் வெறுங்கண்ணே கருவி. 1883 ஆகஸ்ட் 27இல் கிரகத்தோவா எரிமலை வெடித்துச் சிதறியது. செப்டெம்பர் இரண்டாம் வாரத்தில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் காலை மாலைச் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அந்தப் பச்சைச் சூரியனை ஆராய்ந்து எழுதினார். லண்டன் ராயல் சொசைட்டி 1888இல் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய குறிப்புகளைத் தேதிவாரியாக அடுக்கி, தூசி மேற்கு நோக்கிப் பூமியைச் சுற்றிவந்த வழியைக் கணித்தது. காற்றிலுள்ள துகள்கள் ஒரு சமுத்திரத்தைத் தாண்டிப் பயணம் செய்வதைச் சாட்சிகளைக் கொண்டே நிறுவிய முயற்சி அது. ஆனால் கப்பல்களும் கரைகளும் இல்லாத இடத்தில் சாட்சியும் இல்லை.

செய்மதி அந்தக் குறையைத் தீர்த்தது. தீர்க்க உதவியது கடலின் கருமை. சிவப்பு ஒளியிலும் அதற்கு அடுத்த அகச்சிவப்பிலும் ஆழ்கடல் கிட்டத்தட்டக் கறுப்பு. வரும் வெளிச்சத்தில் மிகச் சிறு பங்கையே அது திருப்பி அனுப்புகிறது. அந்தக் கறுப்புக்கு மேல் துகள்கள் மிதந்தால், அவை சிதறடிக்கும் ஒளி மேலிருந்து பார்க்கும்போது மெல்லிய வெளுப்பாகத் தெரியும். வெளுப்பு எவ்வளவோ, துகள்கள் அவ்வளவு. நிலத்தின் மேல் இது எளிதன்று; மண்ணும் பயிரும் மணலும் தாமே பளிச்சிடும். துகள்களின் சுமையைக் குறிக்கும் அளவின் பெயர் ஒளியியல் ஆழம். தலைக்கு நேரே நிற்கும் சூரியனின் நேர்க்கதிரில் 37 சதவீதம் மட்டுமே துகள்களைத் தாண்டிக் கீழே வந்தால் அந்த ஆழம் 1. மாசில்லாத நடுக்கடலில் இது 0.1க்கும் கீழே.

1975இல் மைக்கேல் கிரிக்ஸ், முதல் லாண்ட்சாட் செய்மதியின் படங்களைக் கொண்டு நீர்ப்பரப்பின் மேலிருந்த ஏரோசோலை, அதாவது காற்றில் மிதக்கும் துகள்களை, அளந்து காட்டினார். 1978 முதல் பறந்த அமெரிக்க வானிலைச் செய்மதிகளின் ஏவிஎச்ஆர்ஆர் கருவி, மேகங்களையும் கடல் வெப்பத்தையும் பார்க்கச் செய்யப்பட்டது. அதன் சிவப்பு அலைவரிசையிலிருந்து துகள் கணக்கைப் பிரித்தெடுத்தது பின்னால் வந்த யோசனை. 1991 ஜூனில் வெடித்த பினாட்டுபோ எரிமலையின் படலம் மூன்று வாரத்தில் பூமியைச் சுற்றி முடித்ததை அதே கருவி காட்டியது. ஆயினும் தொல்லைகள் பல. சூரியன் கடலில் பளபளக்கும் பகுதியைத் தள்ளிவிட வேண்டும். பலத்த காற்றில் அலைநுரை வெளுப்பைக் கூட்டும். கங்கையின் வாயில் கலங்கிய நீர் கறுப்பாக இராது. கண்ணுறு ஒளிக்கான அலைவரிசையின் உணர்திறன் தேய்வதைச் சரிபார்க்கும் ஏற்பாடும் அந்தக் கருவியிலேயே இருக்கவில்லை.

இந்து சமுத்திரத்தில் இன்னொரு சிக்கல் காத்திருந்தது: கரி. ஒளியை விழுங்கும் கரித்துகள் சேர்ந்த புகைப்படலம், உண்மையில் இருப்பதைவிட மெல்லியதாக மேலிருந்து தோன்றும். ஒற்றை அலைவரிசைக்கு அது புலப்படாது. இந்தக் காரணத்தாலேயே, 1999 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த இண்டோயெக்ஸ் ஆய்வு இவ்வரலாற்றின் நடுப்புள்ளி ஆகிறது. சென்னையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதனும், நோபல் பரிசு பெற்ற பவுல் குருட்ஸனும் அதற்குத் தலைமை தாங்கினர். மாலைத்தீவின் காஷிதூ தீவில் நிலையம் அமைந்தது; இந்தியாவின் ‘சாகர் கன்யா’ உட்படக் கப்பல்கள் சென்றன; விமானங்கள் படலத்தை ஊடுருவிப் பறந்தன; மேலே செய்மதிகள் பார்த்தன. கீழிருந்து சூரியனை நோக்கும் ஒளிமானியின் அளவும் மேலிருந்து கிடைத்த அளவும் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டன. கோடைவரட்சிக்கு முந்தைய அந்த மாதங்களில் ஒரு கோடி சதுர கிலோமீற்றர் அளவுக்குப் புகைப்படலம் விரிந்திருந்தது; பெரும்பங்கு மனிதச் செயலால் எழுந்தது; கடலை அடையும் வெயிலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை அது தடுத்தது. தெளிவானதென்று நம்பப்பட்ட நடுக்கடல் காற்று பற்றிய எண்ணம் அந்த மூன்று மாதத்தில் மாறியது.

அதே 1999 மே 26இல் சிறீஹரிகோட்டாவிலிருந்து ஓஷன்சாட்-1 ஏவப்பட்டது. கடல்நீரின் நிறத்திலிருந்து பாசியின் அளவை அறிவது அதன் வேலை. அதற்குத் தூசி இடைஞ்சல். கணித்துக் கழித்துவிட வேண்டியது. கழிக்கப்பட்ட அந்தத் தொகையே துகள் ஆய்வாளருக்கு வேண்டிய தகவல். அவ்வாண்டு டிசம்பரில் டெரா செய்மதியும், 2002 மேயில் அக்குவாவும் பல அலைவரிசை கொண்ட மோடிஸ் கருவியோடு சென்றன. நுண்ணிய புகைத்துகளையும் பருமனான உப்பு, மண் துகளையும் பிரித்துணர அவை வழிசெய்தன. 2006இல் ஏவிய கலிப்சோ, லேசர் ஒளியைக் கீழே பாய்ச்சி, படலம் எந்த உயரத்தில் கிடக்கிறது என்பதை அளந்தது.

உயரம் ஊவாவுக்கு முக்கியமான சங்கதி. இண்டோயெக்ஸ் கண்ட புகைப்படலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3 கிலோமீற்றர் வரை எழுந்திருந்தது. நமுனுகுலை உச்சி 2,036 மீற்றர். கரையோரத்தாருக்குத் தலைக்கு மேலே தெரியும் படலம், தோட்டக் குடியிருப்புகளுக்கு எட்டும் உயரத்திலேயே இருக்கக்கூடும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வட இந்தியாவின் மாசடைந்த காற்றை இலங்கைக்கு இழுத்துவந்தபோது, டிசம்பர் 9 அன்று நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. 2024 பெப்ரவரியில் ஏவப்பட்ட பேஸ் செய்மதி, ஒளியின் முனைவாக்கத்தையும் பார்த்துத் துகளின் வகையை நுணுக்கமாகப் பிரிக்க முயல்கிறது. தெமோதரை மலைகளுக்கு நேர்மேலே பார்க்கும்போது மட்டும் அதற்கும் அந்தப் பழைய தடைகளே நிற்கின்றன: பளிச்சிடும் நிலம், மேடுபள்ளம், வாடைக்காலம் முழுவதும் கலையாத மேகமும் பனிமூட்டமும். காற்று கிழக்கே, கறுத்த கடலைக் கடக்கும்போதுதான் அதன் சுமை நன்றாகத் தெரிகிறது.