கோருக்கு இரண்டு த்ரெட்

ஏஎம்டி ப்ராசசர் உள்ள சர்வரில் மெய்நிகர் கணினி ஒன்றை அமைப்பவர், அதை நிர்வகிக்கும் லிப்வெர்ட் மென்பொருளின் எக்ஸ்எம்எல் கோப்பில் மூன்று எண்களை எழுதுகிறார்: சாக்கெட் 1, கோர் 4, த்ரெட் 2. பெருக்கினால் 8 சிபியு. அந்தக் கடைசி 2 எங்கெல்லாம் போகிறது என்று பின்தொடர்ந்தால் பல விஷயங்கள் விளங்கும்.

அதன் பூர்வீகம் பழையது. ஒரே கோரில் பல த்ரெட்களின் கட்டளைகளை ஒரே சமயத்தில் ஓடவிடலாம் என்று 1995-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டீன் டல்சன், சூசன் எக்கர்ஸ், ஹென்றி லெவி மூவரும் காட்டினார்கள். 2002-இல் இன்டெல் அதை ஹைப்பர்த்ரெடிங் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஏஎம்டி அந்த வழிக்கு வந்தது 2017-இல், ஸென் ப்ராசசர்களோடு.

லிப்வெர்ட் அந்த 2-ஐ, மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருளான கியூஎமுவிடம் ஒப்படைக்கிறது. மூன்று எண்களின் பெருக்குத்தொகை சிபியுக்களின் உச்ச எண்ணிக்கையோடு பொருந்தவில்லை என்றால், கியூஎமு அங்கேயே நின்றுவிடும். பொருந்தினால் அடுத்த சோதனை. உள்ளே ஓடும் இயங்குதளம் தன் கோர்களின் அமைப்பை சிபியுஐடி என்ற கட்டளை மூலம் கேட்டறியும். கோருக்கு எத்தனை த்ரெட் என்பதை ஏஎம்டி அங்கே சொல்வதற்கு ‘டோபோஎக்ஸ்ட்’ என்ற வசதி வேண்டும். அது இல்லாத ப்ராசசர் மாடலோடு 2 வந்து சேர்ந்தால், இந்த ஏஎம்டி குடும்பத்தில் ஹைப்பர்த்ரெடிங் கிடையாது, அமைப்பைத் திருத்துங்கள் அல்லது டோபோஎக்ஸ்ட்டை இயக்கிப் பாருங்கள் என்று ஒரே ஒரு முறை எச்சரிக்கை வரும். கணினியோ ஓடத் தொடங்கிவிடும்.

எட்டு சிபியுவும் இருக்கும். ஆனால் உள்ளே ஓடும் லினக்ஸில் எல்எஸ்சிபியு கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் கோருக்கு 1 த்ரெட் என்றே காட்டும். ஜோடி ஜோடியாக ஒரே கோரைப் பகிர்பவை தனித்தனிக் கோர்களாகத் தெரிகின்றன. மெய்நிகர் சிபியுக்களை நிஜ த்ரெட்களோடு பிணைத்து வைத்திருந்தால் இது வேகத்தைத் தின்னும். கர்னல் இரண்டு கனமான வேலைகளை ஒரே கோரின் இரு த்ரெட்களில் அமர்த்திவிட்டுப் பக்கத்துக் கோரைச் சும்மா விட்டுவைக்கலாம். பிழைச்செய்தி எதுவும் வராது.

நிறுத்தாமல் ஓடவிட்டது சரி என்றே நான் நினைக்கிறேன். வேகம் குறையும் என்பதற்காக ஒருவரின் டேட்டாபேஸ் எழாமலே போகக் கூடாது. ஆனால் அந்த எச்சரிக்கை போய்ச் சேரும் இடம், அந்த மெய்நிகர் கணினிக்கென லிப்வெர்ட் வைத்திருக்கும் லாக் கோப்பு. வேகக் கணக்கு பார்ப்பதற்கு முன் அதைத் திறந்து படித்தே ஆக வேண்டும்.

நிஜ ப்ராசசரை அப்படியே காட்டும் ‘ஹோஸ்ட்’ மாடலைத் தேர்ந்தெடுத்தாலும் டோபோஎக்ஸ்ட் தானாக வராது. கேஷ் அமைப்பின் விவரங்களும் அதோடு ஒத்துவராவிட்டால் உள்ளிருக்கும் இயங்குதளம் குழம்பிப்போகலாம் என்பதால், கியூஎமுவை எழுதியவர்கள் அதை வேண்டுமென்றே அணைத்து வைத்தார்கள். 2018 ஆகஸ்டில் வந்த கியூஎமு 3.0 பதிப்பு, ஏஎம்டியின் எபிக் ப்ராசசர் மாடலுக்கு அந்த வசதியைத் தந்தது. பழைய மெஷின் வகைகளில் மட்டும் அணைந்தே இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியை வேறு சர்வருக்கு மாற்றும்போது அதன் கண்ணுக்கு ப்ராசசர் மாறித் தெரியக் கூடாதல்லவா?

எக்ஸ்எம்எல்லில் டோபோஎக்ஸ்ட்டை ‘ரெக்வையர்’ என்று குறித்துவிட்டால், அதைத் தர முடியாத சர்வரில் லிப்வெர்ட் கணினியைத் தொடங்கவே மறுக்கும். அங்கே கோர் 8, த்ரெட் 1 என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.